பாலிசி கைக்கு வரும்வரை

மார்ச் 3, செவ்வாய்

காதுக்கருவி பழுது என்று காலையிலேயே ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். கழற்றிப் பார்த்தால் குழாய் முழுக்க அழுக்கு. சுத்தம் பண்ணி மாட்டிவிட்டதும் முதலில் அவர் காதில் விழுந்தது பக்கத்தில் நின்ற மனைவியின் அதட்டல். "அடைச்சிருந்தப்பவே நல்லா இருந்துச்சேம்மா" என்று என்னிடம் கிசுகிசுத்தார். நாள் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

சாயங்காலம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். மே மாதம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது அவர்களுடைய மருத்துவமனைப் பட்டியல் மாறுகிறதாம். எடுத்துவிட்ட பெயர்களில் நான் சிகிச்சைக்குப் போகும் மருத்துவமனையும் ஒன்று. என் இடது மார்பிலிருந்து கட்டியை எடுத்த இடம். கீமோ, கதிர்வீச்சு எல்லாம் அங்கேதான். இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் அதே டாக்டரிடம்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிரீமியமும் ஏறுகிறது. "மேம்பட்ட சேவைக்காக" என்று போட்டிருக்கிறார்கள். யாருக்கு மேம்பட்ட?

இவரிடம் காட்டினேன். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எதையும் இரண்டு தடவை படிப்பார். படித்துவிட்டு, "போன் பண்ணிக் கேளேன்" என்றார்.

மார்ச் 5, வியாழன்

சாப்பாட்டு இடைவேளை முழுக்கப் போனில் போயிற்று. ஒரே புல்லாங்குழல் துண்டு, திரும்பத் திரும்ப. நடுநடுவே "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்". முக்கியம்னா எடு!

காது சோதிப்பதே என் பிழைப்பு. எத்தனை விதமான ஒலியைச் சலிக்காமல் கேட்டிருக்கிறேன். இந்தக் குழலை மட்டும் பிடுங்கி உடைக்கலாம் போல இருந்தது.

கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். குரலைப் பார்த்தால் என் மகள் வயசுதான்.

"பட்டியல்ல வேற நிறைய ஹாஸ்பிட்டல் இருக்கே மேடம், அங்க பாத்துக்கலாமே."

"என்னை ஆபரேஷன் பண்ணின டாக்டர் இங்கதானேம்மா இருக்காங்க."

"புரியுது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறயா? முதல் உதவியே இன்னும் வரல.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அவன் என்னக்கா உன்னைக் கழட்டி விடுறது? நீ அவனைக் கழட்டி விடு" என்றாள். அவளுக்கு எல்லாமே சுலபம். ஆனால் சொல்லிவிட்டுச் சும்மா போகவில்லை, மதியமே அவளுக்குத் தெரிந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டை வரவழைத்துவிட்டாள்.

நல்ல மனிதர்தான். வேறு கம்பெனிக்கு மாறலாமாம். பழைய பாலிசி முடிவதற்குள் ஒருநாள்கூட இடைவெளி விடாமல் மாறினால், இதுவரை கட்டிய வருஷங்கள் அங்கேயும் கணக்கில் வரும், பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் தருவார்கள். எங்கள் மருத்துவமனை அவர்கள் பட்டியலில் இருக்கிறது. இன்னொன்றும் சொன்னார். அதுதான் மனதில் தைத்தது. என் பழைய பாலிசியில் புற்றுநோய்க்கு மொத்தமாக ஒரு வரம்பு உண்டு, முக்கால்வாசி போன தடவையே தீர்ந்துபோச்சு. திரும்பி வந்தால் அது தாங்காது. புதுக் கம்பெனியில் அந்த வரம்பு இல்லை.

"என்னை ஏத்துக்குவாங்களா?"

"கவலைப்படாதீங்க மேடம்."

"மறுத்துட்டா?"

"கவலைப்படாதீங்க மேடம்."

அவர் போனதும் இவர், "ஆளுக்குப் பேரே கவலைப்படாதீங்கதானா?" என்றார். இனி எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பேர்.

மார்ச் 13, வெள்ளி

விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தோம். இவருக்கு ஒரு பக்கம், மகளுக்கு ஒரு பக்கம். எனக்கு மட்டும் முடிவே இல்லை.

கவலைப்படாதீங்க பேனாவை மூடி மூடித் திறந்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கட்டி எடுத்தாங்கன்னு போட்ருவோமா மேடம்? கட்டிதானே எடுத்தாங்க. பொய் இல்லையே."

"யானையைப் பாத்துட்டு நாலுகால் பிராணின்னு எழுதற மாதிரி. அதுவும் பொய் இல்லைதான்."

மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். நானே பேனாவை வாங்கி எழுதினேன். மார்பகப் புற்றுநோய். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது.

மார்ச் 21, சனி

பதில் இல்லை.

மார்ச் 26, வியாழன்

பதில் வந்தது. பதிலா அது? இன்னும் பத்து கேள்வி. அறுவைச் சிகிச்சை ரிப்போர்ட் வேண்டும், சதைப் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும், "முற்றிலும் குணமடைந்துவிட்டார்" என்று டாக்டர் கடிதம் வேண்டும்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் அதிகம் பேசாதவர். ஆபரேஷன் மேசையில் நான் கிடந்தபோது என் உச்சந்தலையில் கை வைத்து, "தூங்குங்க, நான் இருக்கேன்" என்றவர். இன்றைக்கு அதே குரலில், "அப்படி எழுத முடியாதும்மா" என்றார்.

"ஏன் டாக்டர்? எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க."

"இப்போதைக்கு நோயோட அறிகுறி எதுவும் இல்லை. அதை எழுதறேன். முற்றிலும் குணம்னு சொல்றதுக்கு இன்னும் வருஷம் போகணும். உங்ககிட்ட சொல்லாததை அவங்ககிட்ட எப்படிச் சொல்லட்டும்?"

சரிதான். நியாயம்தான். நியாயமா பேசறவங்ககிட்ட கோவிச்சுக்கவும் முடியல, அதுதான் எரிச்சல். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

புதுக் கம்பெனி சொன்ன பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். மார்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சர்க்கரை கொஞ்சம் ஓரத்தில் நிற்கிறதாம், நடக்கச் சொன்னார்கள்.

நடக்காமலா இருக்கேன்? ஒரு மாசமா இந்த பேப்பருக்குப் பின்னாடி நடந்துக்கிட்டேதானே இருக்கேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

எழுதித்தான் ஆகவேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நேற்று குளிக்கும்போது தழும்புக்குக் கொஞ்சம் மேலே கை நின்றது. கெட்டியாக ஒன்று. பட்டாணி அளவு இருக்கும். சோப்பை மறுபடி தேய்த்துப் பார்த்தேன். இருந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இருந்தது. மகள் கதவைத் தட்டி, "அம்மா, எனக்கு லேட்டாகுது" என்றாள். "வந்துட்டேன்" என்று சொன்ன குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது.

இன்றைக்கு ஏஜென்ட்டுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்தேன். "விண்ணப்பம் போட்டப்புறம், பாலிசி வர்றதுக்கு முன்னாடி, யாருக்காவது ஏதாவது ஒண்ணுன்னா என்ன ஆகும்?"

அவர் எழுந்துபோய் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார்: "மேடம், நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. கோப்பு இப்ப மேலதிகாரி மேசையில இருக்கு. ஏத்துக்கற மாதிரிதான் பேசிக்கிறாங்க. பாலிசி கைக்கு வர்ற வரைக்கும் எந்த டாக்டர் வாசலையும் மிதிக்காதீங்க. வந்த மறுநாளே போங்க. புரியுதா?"

முதல் தடவையாகக் கவலைப்படாதீங்க என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

யாருக்கும் தெரியாமல் வேறு எங்காவது போய்க் கைக்காசில் பார்த்துவிடலாமா?

பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடுமே. தெரிந்ததை மறைத்தேன் என்று நாளைக்கு அதையே காட்டிக் கைவிரிப்பார்கள். அப்போ தெரியாமலே இருக்கணும். நோய் இருக்கா இல்லையான்னு தெரியாம இருக்கறதுதான் இப்ப எனக்கு லாபமாம். இதை யார் யோசிச்சுக் கண்டுபிடிச்சாங்க?

இப்போது போனால் புதுக் கம்பெனி நிச்சயம் மறுக்கும். அது புற்றாகவே இருந்தால் பழைய பாலிசி பாதி வழியில் காலியாகும். பொறுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் பணம் வரும், என் டாக்டரே பார்ப்பார். ஆனால் அதற்குள் அது வளர்ந்துவிட்டால்? இரண்டு பக்கமும் இடி, மத்தளத்தைப் போல.

கை தானாக அங்கே போகிறது. பஸ்ஸில், அடுப்படியில், போனில் பேசும்போது. ஒரு தடவை சின்னதாகிவிட்ட மாதிரி தெரிகிறது, இன்னொரு தடவை பெரிதாக.

ஏப்ரல் 15, புதன்

இன்றைக்கு என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். காதில் சீழ் வைத்து ஒரு பெண் வந்திருந்தாள். வலி தொடங்கி ரொம்ப நாளாச்சாம். "தானா சரியாயிடும்னு விட்டுட்டேன்" என்றாள்.

"வலிச்ச உடனே வரவேண்டாமா? படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணா?" கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அவளைக் காது டாக்டரிடம் அனுப்பிவிட்டு, சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளிச்சத்தம் உள்ளே வராத அறை, உள்சத்தமும் வெளியே போகாது. நன்றாக அழுதேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஏஜென்ட் செய்தி: "இந்த வாரம் முடிஞ்சிடும்." போன வாரமும் இதைத்தான் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் போல.

ஏப்ரல் 20, திங்கள்

இவருக்குத் தெரிந்துவிட்டது.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். "எதுக்கு அடிக்கடி அங்க கைய வைக்கிற?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். மடித்த சட்டையையே மறுபடி மடித்தேன் போல. என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். ஏஜென்ட் சொன்னதையும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"லிஃப்ட்ல சத்தம் வருதுன்னு தெரிஞ்சும், ஆஃபீஸ்ல பேப்பர் வரட்டும்னு ஆள ஏத்தி அனுப்புவேனா நானு? இன்ஷூரன்ஸ் உனக்காகவா, இல்ல நீ இன்ஷூரன்ஸுக்காகவா?"

நானும் விடவில்லை. "கத்துங்க! நல்லாக் கத்துங்க! இது திரும்பி வந்திருந்தா யாரு பாக்கறது? எதை வித்துப் பாப்பீங்க? உங்க பொண்ணு படிப்பையா? நான் எனக்காகவா இருக்கேன் இப்படி? பயம் எனக்கு இல்லையா? ஒவ்வொரு நாளும் கையை வச்சு வச்சு..."

அதற்கு மேல் வரவில்லை. மகள் அறைவாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துணியை மடிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் கழித்து, தலை நிமிராமல், "நாளைக்கு நானும் வரேன்மா" என்றாள்.

நாளைக்கு எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

டாக்டர் தொட்டுப் பார்த்தார். தொட்டவுடனே விரல்கள் நின்றுவிட்டன. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஸ்கேன். பிறகு ஊசி வழியே சதை எடுத்தார்கள்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். கையுறையைக் கழற்றிக் கூடையில் எறிந்துவிட்டு, "நீங்க முதல் ஆள் இல்லை" என்றார். எறிந்த வேகத்தில் தெரிந்தது, கோபம் என் மேல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நானே புதுக் கம்பெனிக்கு எழுதினேன். பாலிசி தொடங்குவதற்குள் உடம்பில் எது மாறினாலும் தெரிவிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான்தானே. அனுப்பிவிட்டு ஏஜென்ட்டுக்கும் சொன்னேன்.

"ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க" என்றார். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. பாவம், அவரும் ஒன்றரை மாசம் அலைந்திருக்கிறார்.

ஏப்ரல் 22, புதன்

ஏற்றுக்கொள்வதற்கு வாரக்கணக்கில் யோசித்தார்கள். மறுப்பதற்கு ஒரே நாள்.

அதிலும் ஒரு வரி: "தங்கள் கணவரையும் மகளையும் எங்கள் குடும்பத்தில் வரவேற்பதில் மகிழ்ச்சி." என்னை மட்டும் இல்லை. இவர் படித்துவிட்டு, "பொண்ணை மட்டும் விட்டுட்டு வாங்கன்னு கல்யாணப் பத்திரிகை அடிச்ச மாதிரி இருக்கே" என்றார். சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 25, சனி

வரவில்லை. போன் அடித்தால் மூன்று பேரும் எழுந்து நிற்கிறோம்.

ஏப்ரல் 28, செவ்வாய்

புற்று இல்லை.

கதிர்வீச்சு பட்ட இடத்தில் கொழுப்பு இறுகிக் கட்டியாகிவிட்டதாம். சிலருக்கு இப்படி வருமாம். அப்படியே விட்டுவிடலாமாம். டாக்டர் போனில் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது. இவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போன் போட்டேன். லிஃப்ட் குழிக்குள் இருந்திருக்கிறார் போல, "என்னது? என்னது?" என்று எதிரொலி. "ஒண்ணுமில்ல! ஒண்ணுமில்லையாம்!" என்று நான் தெருவில் நின்று கத்தினேன். எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

தங்கையிடம் சொன்னேன். "இத்தனை நாள் என்கிட்ட மறைச்சியா?" என்று முதலில் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடி திட்டினாள்.

ஏப்ரல் 29, புதன்

இன்றைக்குக் காலையில் எழுந்ததும் சந்தோஷம் இல்லை, கோபம்தான் வந்தது. புதுக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"ரிப்போர்ட் வந்திருச்சு. புற்று இல்லை. இப்ப ஏத்துக்கலாமே?"

"ஒருமுறை மறுத்துட்டா ஆறு மாசம் கழிச்சுத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும் மேடம்."

"எதுக்கு மறுத்தீங்க? கட்டி இருக்குன்னு. அது ஒண்ணுமில்லைன்னு ஆயிருச்சு. அப்புறம் என்ன?"

"விதிமுறை மேடம்."

விதின்னு சொல்லியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். விதிமுறை! பொய் சொல்லியிருந்தா இந்நேரம் பாலிசி கையில. வாயை மூடிக்கிட்டு இருந்தவளுக்கு வரவேற்பு, வாயைத் திறந்தவளுக்கு வாசல். இருக்கட்டும். இருந்தாலும், அந்தப் பட்டாணியோட ஒவ்வொரு காலையும் கண்ணு முழிச்ச பயம் இனி இல்லை. அதை அவங்க திருப்பி எடுத்துக்க முடியாது.

மே 7, வியாழன்

இவரையும் மகளையும் புதுக் கம்பெனிக்கு மாறச் சொன்னேன். ஒரு வாரம் முரண்டு பிடித்தார். "மூணு பேரும் ஒரே வண்டியில போவோம்" என்றார். "பஞ்சர் ஆன வண்டியில எதுக்கு மூணு பேரு? ரெண்டு பேராவது நல்ல வண்டியில வாங்க. பின்னாடி நான் வந்து ஏறிக்கறேன்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மே 18, திங்கள்

என் பழைய பாலிசியைப் புதுப்பித்தாயிற்று. வேறு வழி? வெறுங்கையாக நிற்க முடியாது.

ஜூன் 23, செவ்வாய்

பட்டியலில் இருக்கிற மருத்துவமனைக்கு முதல் தடவை போனேன். என் டாக்டர்தான் சொல்லி அனுப்பினார். இங்கே பார்க்கிற டாக்டர் அவரிடம் முன்பு வேலை கற்ற இளைஞராம், "கை நல்ல கை" என்றார். போன வாரம் ரிப்போர்ட் கட்டு முழுவதையும் அவரே அடுக்கிக் கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு அங்கிருந்து வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இங்கே எல்லாம் புதுசு. எந்த வரிசையில் நிற்பது என்று தெரியவில்லை. ரத்தம் எடுக்க ஒரு மாடி, ஸ்கேனுக்கு வேறு கட்டடம். அறிமுகமில்லாத ஒருத்தர் முன்னால் மறுபடி சட்டைப் பொத்தானைக் கழற்றி, மறுபடி முதலிலிருந்து கதை சொல்லி... பாதியில் எரிச்சலாகி, "எல்லாம் அந்தக் கட்டுல இருக்கு டாக்டர்" என்றேன்.

"படிச்சிட்டேன். ராத்திரியே படிச்சிட்டேன்" என்றார் புது டாக்டர். "நீங்க எப்படிச் சொல்றீங்கன்னு கேக்கணும்னுதான்."

முதலிலிருந்து சொன்னேன்.

நவம்பர் 12, வியாழன்

போன வாரம் எடுத்த ஸ்கேன் சுத்தம். இனி வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தால் போதுமாம். இவரும் மகளும் அதைச் சாக்கு வைத்து வெளியே சாப்பிட இழுத்துப் போனார்கள்.

ஆறு மாசம் ஆகிவிட்டதால் புதுக் கம்பெனிக்கு மறுபடி விண்ணப்பம் போட்டிருந்தேன். இந்தத் தடவை ஏஜென்ட் பக்கத்தில் இல்லை, நானே போட்டேன். இன்றைக்கு அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், கேள்வி கேட்டுச் சரிபார்க்க. வேலையிடத்தில்தான் இருந்தேன். அடுத்த ஆள் வருவதற்கு நேரமிருந்தது. சொல்லும்மா என்றேன்.

எந்த நோய், எந்த வருஷம், என்ன மாத்திரை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். கட்டி வந்ததைச் சொன்னேன். அதைச் சொல்லாமல் சில நாள் வைத்திருந்ததையும் சொன்னேன். அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இதுக்கு முன்னாடி எந்தக் கம்பெனியாவது உங்க விண்ணப்பத்தை மறுத்திருக்கா மேடம்?"

"மறுத்திருக்கு."

"எந்தக் கம்பெனின்னு சொல்ல முடியுமா?"

"நீங்கதாம்மா."

தட்டச்சு நின்றது. பாவம், அடக்கப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டு, "அய்யோ, ஸாரி மேடம், ஸாரி" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பரவாயில்லை. எழுதிக்கோ" என்றேன். "அடுத்த கேள்வியைக் கேளு."